தரங்கம்பாடிக்கு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் மயிலாடுதுறை. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ உறவுக்காரர்களும் நண்பர்களும் வரும்போதெல்லாம் ஒருநாள் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. கூட வர முடியாதவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி போன் செய்து கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் சொல்லியிருக்கிறேன்.

தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டம்தானே?

முன்பு அப்படித்தான். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதிலிருந்து தரங்கம்பாடி இந்த மாவட்டத்தில் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காரைக்காலிலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டர் வரும். கடலை ஒட்டிய சின்ன ஊர், டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய இடம். பேரூராட்சிதான். பஸ் போகும் பெரிய சாலையிலிருந்து பார்த்தால் பழைய ஊர் கண்ணில் படாது, கிழக்கே திரும்பி உள்ளே நடக்க வேண்டும்.

டிரான்குபார்னு போட்டிருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா? 'பாடும் அலைகள்'னு அர்த்தமாமே?

ஒன்றுதான். தரங்கம்பாடி என்ற பெயர் ஐரோப்பியர் நாக்கில் டிரான்குபார் ஆகிவிட்டது.

'பாடும் அலைகளின் ஊர்' என்பது கேட்க இனிமையான விளக்கம், ஆனால் பாதிதான் சரி. தரங்கம் என்றால் அலை. 'பாடி' என்பது பாட்டைக் குறிக்கவில்லை. வாணியம்பாடி, காட்பாடி என்று எத்தனையோ ஊர்ப்பெயர்களில் வரும் அதே பாடிதான், குடியிருப்பு என்று பொருள். அதனால் அலைக்கரை ஊர் என்று சொன்னால் சரியாக இருக்கும். அதைவிடப் பழைய பெயர் ஒன்றும் உண்டு. இங்குள்ள சிவன் கோயில் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்கிறது.

ரயில்ல வந்து இறங்கலாமா?

முடியாது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் 1926-ல் மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். அறுபது வருஷம் ஓடிய அந்த ரயிலை 1986-ல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வயதானவர்களிடம் கேட்டால், அந்த வண்டியில் திருக்கடையூர் போன கதையை இன்றைக்கும் ஆசையோடு சொல்வார்கள்.

இப்போது ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்கால், நாகப்பட்டினம் போகும் பஸ்களும் தரங்கம்பாடி வழியாகத்தான் போகும். கண்டக்டரிடம் 'கோட்டை போகணும்' என்று சொல்லிவைத்தால் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். பஸ் பொறையாறில் நின்றுவிட்டாலும் கவலை இல்லை. அங்கிருந்து ஆட்டோவில் வந்துவிடலாம், பக்கம்தான்.

ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்னு சொல்றாங்களே, அதுக்கு ஒரு முழு நாள் வேணுமா?

கோட்டை வாசலில் காரை நிறுத்தி, மேலே ஏறிப் படம் எடுத்து, கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் முடியத்தான் செய்யும். அப்படிப் போனவர்கள்தான் 'பெருசா ஒண்ணும் இல்லை' என்று சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தரங்கம்பாடியில் கோட்டை ஒரு பகுதிதான். முழு ஊரையும் பார்க்க வேண்டும். மேற்கே ஒரு வாசல், கிழக்கே கடல், நடுவில் நேரான சில வீதிகள். அந்த வீதிகளில் நடந்தால்தான் இது எப்படிப்பட்ட ஊர் என்று புரியும்.

காலை எட்டு மணிக்கு வந்து சேர்ந்தால் மதியம் ஒரு மணிக்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கடற்கரை. நடுவில் உள்ள வெயில் நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பக்கத்து ஊருக்குப் போய் வரலாமா என்று கேட்பவர்களுக்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

எந்த மாசம் போறது நல்லது? எந்தக் கிழமை?

ஜனவரி முதல் மார்ச் ஆரம்பம் வரை நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் சின்னம் என்று ஒன்று வந்துவிட்டால் இந்தக் கரையில் பயணமே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் பதினொரு மணிக்கு மேல் கோட்டை முற்றத்தில் நிற்க முடியாது. நிழலே கிடையாது.

கிழமையைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை போகாதீர்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்றைக்கு விடுமுறை. வெகுதூரத்திலிருந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், உள்ளே சுற்றிப் பார்க்க அது நேரமில்லை. புதன், வியாழன் மாதிரி நாட்களில் வீதிகள் அமைதியாக இருக்கும்.

நேரா கோட்டைக்குப் போயிடலாமா? எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

நகர வாசலிலிருந்து ஆரம்பியுங்கள். எத்தனை பேர் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். ஊரின் மேற்கு எல்லையில் வெள்ளை அடித்த பெரிய வாசல் இருக்கும். டேனிஷ்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் கட்டியிருந்தார்கள். அந்த மதிலின் நிலப்பக்க வாசல் இது. 1600-களில் கட்டிய வாசலை மறுபடியும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். உச்சியில் 1792 என்ற ஆண்டும் அரச முத்திரையும் இருக்கும், நிமிர்ந்து பாருங்கள். மதில் போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. ஊர்க்காரர்கள் சைக்கிளிலும் பைக்கிலும் இன்றைக்கும் அதன் வழியாகத்தான் போய் வருகிறார்கள்.

வாசலுக்குள் நுழைந்தால் ராஜா வீதி நேராகக் கடலுக்குப் போகும். பத்து நிமிட நடைதான், ஆனால் பத்து நிமிடத்தில் நடந்துவிடாதீர்கள். இரண்டு தேவாலயங்கள், தூண் வைத்த பழைய பங்களாக்கள், ஓடு வேய்ந்த வீடுகள் என்று வழியெல்லாம் நின்று பார்க்க இருக்கிறது. காரில் வருபவர்கள் வாசலருகே குடும்பத்தை இறக்கிவிட்டு, ஓட்டுநர் மட்டும் கோட்டைப் பக்கம் காரைக் கொண்டுபோகட்டும்.

டேனிஷ்காரங்க இவ்வளவு தூரம் ஏன் வந்தாங்க? அதுவும் இந்தச் சின்ன ஊருக்கு?

அவர்கள் முதலில் இந்த ஊருக்கு வரவே கிளம்பவில்லை, இலங்கைக்குத்தான் கிளம்பினார்கள். கண்டி அரசரோடு ஒப்பந்தம் போடும் எண்ணத்தில் 1618-ல் ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் டென்மார்க்கிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. அந்த முயற்சி பலிக்கவில்லை. அவர்களுக்கு முன்பே வந்த ஒரு கப்பலைப் போர்த்துகீசியர்கள் காரைக்கால் பக்கத்தில் தாக்கி அழித்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அப்போது தஞ்சையை ஆண்டவர் இரகுநாத நாயக்கர். போர்த்துகீசியர் நாகப்பட்டினத்தில் இருந்தார்கள். இன்னொரு ஐரோப்பியக் கூட்டமும் வந்து வணிகம் செய்தால் தஞ்சைக்கும் லாபம்தான். 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மிளகு, துணி வணிகத்துக்காக மீனவர்கள் வாழ்ந்த இந்தக் கடற்கரை ஊர் டேனிஷ்காரர்களுக்குக் கிடைத்தது. கோட்டை கட்டவும் அனுமதி கிடைத்தது.

கோட்டைக்குள்ள என்ன பார்க்கணும்? சும்மா காலி அறைகள்தானே?

காலி அறைகள் என்று நினைத்து ஓடிவிடாதீர்கள், இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். டான்ஸ்போர்க் என்பது கோட்டையின் பெயர். உள்ளூரில் டேனிஷ் கோட்டை என்றால் போதும். முற்றத்தைத் தாண்டிக் கடல் பக்கம் இரண்டு அடுக்குக் கட்டடம் இருக்கும். கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்கு, மதுக் கிடங்கு, சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் அதிகாரிகளும் குடியிருந்தார்கள், அவர்களின் வழிபாட்டு அறையும் அங்கேதான். மேலே நடு மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். நான்கு கவிகைகளை (வளைந்த கூரைகளை) நடுவில் ஒற்றைத் தூண் தாங்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கூரை ஒட்டகத் திமில் மாதிரி தெரியும்.

கீழே சிறை இருந்த பக்கம் போகும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோன சீகன்பால்கு என்ற பாதிரியாரை, அவரை அனுப்பிய டென்மார்க் அரசரின் ஆளுநரே 1708-ல் நான்கு மாதம் இந்தக் கோட்டையில்தான் அடைத்துவைத்தார். அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அருங்காட்சியகம் சின்னதுதான். தரங்கம்பாடியிலேயே அடித்த டேனிஷ் காசுகள், பீங்கான் பாண்டங்கள், ஆயுதங்கள், பீரங்கிக் குண்டுகள் என்று வைத்திருக்கிறார்கள். காசுகளை அவசரமில்லாமல் பாருங்கள். நகத்தளவு ஈயத் துண்டில் டேனிஷ் அரசரின் முத்திரை இருக்கும். சுதந்திரத்துக்குப் பின் பல வருஷம் இந்தக் கோட்டை அரசாங்க விருந்தினர் விடுதியாக இருந்தது. 1978-ல்தான் தமிழ்நாடு தொல்லியல் துறையிடம் வந்தது.

தங்க ஓலையில எழுதின ஒப்பந்தம் இருக்காமே, அது மியூசியத்துல இருக்கா?

இங்கே இல்லை. மூல ஓலை கோபன்ஹேகனில் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு இரகுநாத நாயக்கர் அனுப்பிய கடிதம் அது. பனை ஓலை வடிவத்தில் தங்கத் தகடு, அதில் தமிழ் எழுத்து. நாயக்கரின் கையெழுத்து மட்டும் தெலுங்கில்.

இதைக் கோட்டை முற்றத்தில் நின்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். தெலுங்கு பேசிய தஞ்சை மன்னர், வட ஐரோப்பாவில் உள்ள ஓர் அரசருக்குத் தமிழில் எழுதியிருக்கிறார். நானூறு வருஷம் கழித்தும் அந்த எழுத்து இருக்கிறது. குழந்தைகளோடு போனால் கோட்டைக்குள் நுழையும் முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

சீகன்பால்கு சீகன்பால்குன்னு ஊரெல்லாம் பேரு இருக்கே, அவர் டேனிஷ்காரரா? பாதிரியார்தானே?

அவர் ஜெர்மன்காரர். 1682-ல் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய முதல் சீர்திருத்த சபை (புராட்டஸ்டன்ட்) மறைப்பணியாளர். புளூட்சோ என்ற தோழரோடு 1706 ஜூலை 9-ல் இங்கே கரையிறங்கினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபத்து நான்கு வயது. கரையில் அதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

பாதிரியார்தான். ஆனால் அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது அவர் தமிழ் கற்ற விதம். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தக் குழந்தைகள் நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இரண்டே வருஷத்தில் ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் பட்டியல் எழுதினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நம் பாட்டி சொல்லிக்கொடுத்த கொன்றைவேந்தன் 1708-லேயே ஜெர்மனுக்குப் போயிருக்கிறது. 1716-ல் தமிழ் இலக்கண நூல் ஒன்றையும் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார். 1719-ல் முப்பத்தாறு வயதில் இங்கேயே இறந்துபோனார். அவர் வாழ்ந்த வீட்டை 2017-லிருந்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கோட்டையை முடித்த கையோடு அங்கே போங்கள்.

தமிழ்ல முதல் புத்தகம் அச்சானது இங்கதானே?

இல்லை. இந்த ஊரைப் பிடித்தவர்கள் கூடத் தப்பாகச் சொல்வது இது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது. போர்த்துகீசியர் காலத்து வேலை. அந்த அச்சுப்பணி பிறகு நின்றுபோனது. தரங்கம்பாடியின் பெருமை, நின்றுபோன தமிழ் அச்சை மறுபடி ஓடவைத்து, விடாமல் நடத்தியது. 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது இங்கேதான்.

அதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவை. அவற்றை வைத்து அச்சடித்தால் காகிதம் தாங்காது. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். காகிதத்துக்குப் பொறையாறு பக்கம் ஆலை வைத்தார்கள். அங்கே 'கடுதாசிப்பட்டறை' என்ற இடப்பெயர் இன்றைக்கும் வழங்குகிறது. பொறையாறு வழியாகப் பஸ்ஸில் போனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

ராஜா வீதியில ரெண்டு சர்ச் பக்கத்துப் பக்கத்துல இருக்கே, எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சீயோன் ஆலயம் முந்தியது, 1701. அதுவரை கோட்டைக்குள் வழிபட்டுவந்த ஐரோப்பியர்களுக்காகக் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் சீகன்பால்கு கட்டியது. நான்கு பக்கமும் சமமாக நீண்ட சிலுவை வடிவத்தில் இருக்கும். முகப்பில் கிரீடத்தோடு அரசரின் பெயர்முத்திரை இருக்கிறது. உள்ளே பலிபீடத்தின் ஒரு பக்கம் சீகன்பால்குவையும் மறுபக்கம் அவரோடு பணிசெய்த குருண்ட்லரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

'புதிய' என்று பெயர் வைக்கக் காரணம் உண்டு. 1707-ல் தமிழ்ச் சபைக்காகக் கட்டிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. இரண்டு ஆலயங்களிலும் வழிபாடு நடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். புதிய எருசலேம் ஆலய வளாகத்தில் உள்ள பழைய கல்லறைகளின் மேல் யாரையும் உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். பல முறை பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடல் கொண்டுபோன சிவன் கோயில்னு சொன்னாங்க. இப்ப ஏதாவது மிச்சம் இருக்கா?

இருக்கிறது. மாசிலாமணிநாதர் கோயில், கோட்டைக்கு வடக்கே கடல் ஓரத்தில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஐ ஒட்டிக் கட்டியது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இது ஒரு துறைமுகம் என்பதற்கு இந்தக் கோயில்தான் சாட்சி. மேலே சொன்ன சடங்கன்பாடி கல்வெட்டும் இங்கே உள்ளதுதான். கடலைப் பார்த்த முன்பகுதியை அலை கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கற்கள் தண்ணீருக்குள் சரிந்து கிடந்தன. பிறகு திருப்பணி செய்து புதிதாக எடுத்துக் கட்டினார்கள். கரையில் பாறைகளைக் கொட்டி அணை போட்டிருக்கிறார்கள்.

சிலர் 'புதுசா இருக்கே' என்று ஏமாந்து திரும்புகிறார்கள். கோட்டைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இங்கே ஒதுக்குங்கள். இந்த ஊரின் வயதை டேனிஷ்காரர்களிலிருந்து எண்ணத் தொடங்குவது தவறு என்று இங்கே நின்றால் தெரியும்.

சுனாமியில எல்லாம் போயிடலையா? பழைய வீடுகள் எப்படி இவ்வளவு பளபளன்னு இருக்கு?

2004 டிசம்பர் 26-ல் இந்த ஊரிலும் நிறைய உயிர்கள் போயின. மீனவக் குடியிருப்புதான் பெரிதும் அடிபட்டது. கரையில் நின்று சிரித்துப் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும். கடைக்காரரிடமோ மீனவரிடமோ 'உங்க வீட்டுல யாரு போனாங்க' என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

பழைய வீடுகளைப் பொறுத்தவரை, சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு தட்டார் தெருவில் சில ஓட்டு வீடுகளைப் பழைய முறையிலேயே சீர்செய்தது. கோட்டைக்கு எதிரே உள்ள ஆளுநர் பங்களாவும் சீரமைக்கப்பட்டது. சுண்ணாம்புப் பூச்சு, மரத்தூண், திண்ணை எல்லாம் புதுசு மாதிரி தெரிவது அதனால்தான். நம் திண்ணை வீடும் ஐரோப்பியத் தூண் வைத்த முகப்பும் ஒரே தெருவில் நிற்பதை இங்கே பார்க்கலாம். ஆள் குடியிருக்கும் வீடுகள் அவை. வெளியே நின்று ரசியுங்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள்.

இங்க ஓசோன் காத்து வீசுதாமே, மூச்சு நோய்க்கு நல்லதாமே?

இதை நம்பி ஆஸ்துமா இருக்கிற பெரியவரைக் கூட்டிவந்த குடும்பம் உண்டு. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். வானத்தில் வெகு உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம் புற ஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கிறது. தரை மட்டத்தில் நாம் மூச்சோடு இழுக்கும் ஓசோன் நுரையீரலை எரிச்சல்படுத்தும் வாயு. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது கெடுதல். 'ஓசோன் வாசனை' என்று கடற்கரையில் நாம் உணர்வது பெரும்பாலும் கடலின் நுண்ணிய பாசிகளிலிருந்து வரும் கந்தகச் சேர்மத்தின் மணம்.

காற்று சுகமாக இருக்கிறதே என்றால், இருக்கத்தான் செய்கிறது. உட்கார்ந்து அனுபவியுங்கள். மருந்து என்று நினைத்து வந்து, எடுக்க வேண்டிய மாத்திரையை வீட்டில் விட்டுவிடாதீர்கள்.

கடல்ல குளிக்கலாமா?

வேண்டாம். கரையில் பாறைகளும் பழைய கட்டட இடிபாடுகளும் தண்ணீருக்குள் மறைந்திருக்கின்றன, இழுப்பும் அதிகம். கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, கழிவறை வசதி எப்படி?

கோட்டைப் பக்கம் டீ, பஜ்ஜி, ஐஸ்கிரீம் மாதிரி கிடைக்கும். முழுச் சாப்பாட்டுக்குப் பொறையாறு போய்விடுவது நல்லது. கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று ஓட்டலாக இருக்கிறது, அங்கே விலை அதிகம். நாங்கள் போகும்போது புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்விடுவோம். இலையையும் பாட்டிலையும் திரும்ப எடுத்துவந்துவிடுவோம். கழிவறைக்கு எப்போதும் வாய்ப்புக் கிடைக்காது. குழந்தைகளோடு வருபவர்கள் திருக்கடையூரிலோ பொறையாறிலோ முடித்துக்கொண்டு வாருங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயசு, முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. ஊர் சமதளம், வீதிகளில் வண்டி போகும். கோட்டையில் மேல்தளத்துக்குத்தான் படி ஏற வேண்டும். அம்மாவை முற்றத்தோடு நிறுத்திவிட்டு, மற்றவர்கள் மாறி மாறி மேலே போய் வரலாம். குடை, தண்ணீர், மடக்கு நாற்காலி மூன்றும் இருந்தால் போதும். என் பெரியம்மா எழுபத்தெட்டு வயதில் வந்தார். கோட்டையைவிடப் புதிய எருசலேம் ஆலயத்தின் குளிர்ச்சியில் உட்கார்ந்திருந்ததைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருக்கடையூர், பூம்புகார் எல்லாம் அன்னிக்கே பார்த்துடலாமா?

திருக்கடையூர் பார்த்துவிடலாம், பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும். அதனால் காலையில் முதலில் அமிர்தகடேஸ்வரர், அபிராமி தரிசனம். அதை முடித்துவிட்டுத் தரங்கம்பாடிக்கு வாருங்கள், அல்லது திரும்பும்போது சாயங்காலம் போங்கள். முகூர்த்த நாளில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் நெரியும், நாள் பார்த்துக் கிளம்புங்கள். அனந்தமங்கலம் ஆஞ்சநேயர் கோயிலும் வழியிலேயே வரும்.

பூம்புகாரையும் சேர்ப்பது எனக்குச் சம்மதமில்லை. தூரம் ஒன்றும் பெரிதில்லை, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் கடல் கொண்ட அந்த ஊருக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

டேனிஷ்காரங்க எப்ப போனாங்க? இங்கிலீஷ்காரங்க சண்டை போட்டுப் பிடிச்சாங்களா?

நடுவில் இரண்டு முறை பிடித்தார்கள். 1801-ல் கொஞ்ச காலம், பிறகு 1808 முதல் 1815 வரை. இரண்டு முறையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் 1845-ல் டேனிஷ்காரர்களே விற்றுவிட்டார்கள். தரங்கம்பாடி, வங்காளத்தில் செராம்பூர் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனி வாங்கியது. வணிகம் நொடித்துப் போயிருந்த காலம் அது.

அதன்பின் பதினைந்து வருஷம் தஞ்சாவூர் மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமாக இருந்தது. 1860-ல் அதுவும் போனது. ரயிலும் துறைமுக வணிகமும் நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டன. யாரும் இடித்துப் புதுசாகக் கட்ட வராததால்தான் வீதிகள் பழைய அமைப்பிலேயே தங்கிவிட்டன என்று எனக்குத் தோன்றும்.

எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினது. அதை நம்ம பாரம்பரியம்னு எதுக்குக் கொண்டாடணும்?

என் சித்தப்பா ஒருமுறை கோட்டை முற்றத்திலேயே இதைக் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தத் துறையிலிருந்து மிளகும் துணியும் மட்டும் போகவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியிருக்கிறார்கள். கோட்டைக் கிடங்குகளைப் பார்க்கும்போது அதை மறைத்துவிட்டு அழகை மட்டும் பேசுவது எனக்கும் உடன்பாடில்லை.

ஆனால் 'எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினது' என்பதை ஏற்க மாட்டேன். நாயக்கரின் கடிதம் தமிழில் எழுதப்பட்டது என்று தங்க ஓலைப் பதிலில் பார்த்தோம். கோட்டைக்குச் செங்கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். சீகன்பால்குவுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் ஒரு தமிழ் வாத்தியார். பக்கத்தில் உட்கார்ந்து மணலில் எழுதிக் காட்டியவை தமிழ்க் குழந்தைகள். மொழிபெயர்ப்பில் உதவியவர்கள் தமிழர்கள். 1733-ல் ஆரோன் என்ற தமிழர் இங்கேதான் இந்தியர்களில் முதல் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். இவர்களில் ஒருசிலர் பெயர்தான் நமக்குத் தெரியும்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது மட்டும், காரை நகர வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு, ராஜா வீதி முழுக்க இன்னொரு முறை நடந்தே வந்தார்.